ஐந்தாம் பாத்தி மட்டும் பச்சை

பிள்ளைகளே, ஒரு வாரம் முழுக்க அப்பா டேப்லெட்டைத் துண்டால் மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது உள்ளேயிருந்து டிங் டிங் என்று கத்தும். "அப்பா மெஷினோட காய் விட்டுட்டாரு" என்று சின்னவள் சொல்லிச் சிரித்தாள். நான் காய் விட்டது மெஷினோடு இல்லை. யாரோடு, எதற்கு என்று அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டாவது வரை படித்தவன் நான். பேசும்போது கோபம் முந்திக்கொள்கிறது. எழுதினால் நிதானமாக வரும் என்று எழுதுகிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் நான் ரீடிங் எடுப்பவன். எங்கள் அளத்தில் ஒரே வரிசையாக ஒன்பது பாத்திகள். கடல் தண்ணீர் ஏறி நிற்கும் கழியிலிருந்து மோட்டார் உப்புத் தண்ணீரை இறைத்து முதல் பாத்தியில் கொட்டும். வெயிலில் அது கொஞ்சம் சுண்டியதும் மடையைத் திறந்து இரண்டாவதற்கு விடுவோம். அங்கே இன்னும் சுண்டும். அப்படியே நகர்ந்து நகர்ந்து ஒன்பதாவதில் போய் உப்பாக உட்காரும். தண்ணீர் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்பதை டிகிரி கணக்கில் சொல்வோம். அதைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது; அடியில் ஈயக்குண்டு, மேலே கோடுகள். தண்ணீரில் மிதக்கவிட்டால் எந்தக் கோடு வரை முங்குகிறதோ அதுதான் டிகிரி. முதல் பாத்தியில் மூன்று இருக்கும். ஒன்பதாவதில் இருபத்தாறு.

இதை நின்றுகொண்டு பார்க்கக் கூடாது. நின்று பார்த்தால் ஒரு டிகிரி ஏமாற்றிவிடும். முட்டியைச் சேற்றில் ஊன்றி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது முறை முட்டி போடுகிறேன். கோயிலில்கூட அத்தனை முறை போட்டதில்லை.

முன்பெல்லாம் இதை நீள நோட்டில் பென்சிலால் எழுதுவேன். இந்த வருஷம் கம்பெனி டேப்லெட் கொடுத்தது. உப்பு வாங்குகிறவர்கள் எல்லாப் பதிவும் கம்ப்யூட்டரில் வேண்டும் என்று கேட்டார்களாம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நோட்டு நனையும், கிழியும், ஒருமுறை ஆடு தின்றது. டேப்லெட்டை எந்த ஆடும் தின்னாது என்று சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

புதுச்சேரியில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் பெண் போனிலேயே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். அளத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். உப்புக் குவியலின் மேலே ஏறி நின்றுகொண்டேன்.

"அண்ணா, மேல பல்லுச் சக்கரம் மாதிரி ஒன்னு இருக்குதா? அத தொடுங்க."

"தொட்டேன் மேடம். ஓடிப்போச்சு."

"ஓடிப்போச்சா?"

"வேற எதையோ தொறந்துடுச்சு. கையில உப்பு இருக்குது."

"துடைச்சிட்டு தொடுங்க அண்ணா."

சட்டையில் துடைத்தேன், சட்டையிலும் உப்பு. கடைசியில் பனியனின் உள்பக்கத்தில் துடைத்துவிட்டுத் தொட்டேன். ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட கட்டங்கள் வரிசையாக வந்தன. கீழே 'பாத்தி வரிசையை உறுதி செய்க' என்று இருந்தது. ஒன்பது கட்டம், ஒன்பது பாத்தி. 'சரி' என்று அழுத்தினேன். இந்த இடத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பு இதுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ரீடிங் எடுத்துப் போட்டேன். சரியான ரீடிங் என்றால் பக்கத்தில் பச்சைப் புள்ளி வர வேண்டும். எனக்கு எட்டுச் சிவப்பு வந்தது. ஐந்தாம் பாத்தி மட்டும் பச்சை. ஒவ்வொரு சிவப்புக்கும் நேராக 'சரிபார்க்கவும்' என்று எழுதியிருந்தது. சரி, சரிபார்ப்போம் என்று திரும்பவும் எட்டுப் பாத்தியிலும் முட்டி போட்டேன். அதே எண்கள்தான். அதே சிவப்புதான்.

திண்டிவனம் ஆபீஸிலிருந்து மேனேஜர் போன் செய்தார்.

"ஏம்பா, இன்னாபா இது? ஸ்கிரீன் பூரா செவப்பா இருக்குது. ஒழுங்கா பாத்துத்தான் போடுறியா?"

"ரெண்டு தடவ பாத்தேன் சார்."

"பாத்தா ஏன்பா செவப்பு வருது? கண்ணாடிக் கொழா பழசாயிருக்கும். புதுசு வாங்கு."

புதுக் கண்ணாடிக் குழாய் வாங்கினோம். எட்டுச் சிவப்பு. டேப்லெட்டை அணைத்துப் போட்டேன். எட்டுச் சிவப்பு. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள். அதற்காகக் குவியலின் மேல் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றேன். எட்டுச் சிவப்பு. "உன் விரல்ல உப்பு இருக்குதுபா, அதான் தப்புத் தப்பா விழுது" என்றார் மேனேஜர். அன்று முதல் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கையைக் கழுவிவிட்டுத்தான் எண்ணைத் தொட்டேன். எண்கள் சரியாகத்தான் விழுந்தன. சிவப்பும் சரியாகத்தான் விழுந்தது.

அதோடு போயிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சாஃப்ட்வேரில் சிவப்பை அப்படியே விட முடியாது. ஒவ்வொன்றையும் திறந்து, ஒரு காரணத்தைத் தேர்ந்து அழுத்தினால்தான் மூடும். காரணம் மூன்றே மூன்றுதான் இருந்தது. 'அளவைத் தவறாக எடுத்தேன்.' 'அளவு எடுக்காமல் உத்தேசமாகப் போட்டேன்.' 'எண்ணைத் தவறாகத் தட்டினேன்.' எதை அழுத்தினாலும் பக்கத்தில் என் பெயர் வந்து நிற்கும். அதற்காகத்தான் அது டிங் டிங் என்று கத்திக்கொண்டிருந்தது. நான் மூடவில்லை.

நான்காம் நாள் மேனேஜர் சொன்னார்: "சனிக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் மூடிடு. இல்லன்னா ரீடிங் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டு உன்ன மூட்ட கட்டுற பக்கம் அனுப்பிடுவேன்."

மூட்டை கட்டுவது கேவலமான வேலை இல்லை. உங்கள் பெரியப்பா அதைத்தான் செய்கிறார். ஆனால் அங்கே போகும்போது 'பார்க்காமலே எழுதியவன்' என்ற பேரோடு போக நான் தயாராக இல்லை.

பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். வாய்க்கு இருபது வயது அதிகம்.

"ஏன் தம்பி, அது கேக்குற நம்பரையே போட்டுட்டுப் போயேன். அதுவும் பச்சையாவும், நீயும் பச்சையாவ."

"இல்லாத டிகிரிய எப்படிக்கா போடுறது?"

"தண்ணி வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

"நாளைக்கு நான் லீவு போட்டா, வேற ஆளு இதப் பாத்துதானேக்கா மடையத் தொறப்பான்?"

அக்கா உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, "ஒன்பது புள்ளைங்கள்ல அந்த அஞ்சாவது மட்டும் எப்படிப் பாஸாவுது? அதுக்கு மட்டும் டியூஷன் வெச்சியா?" என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது உள்ளே ஏதோ தைத்தது. தினமும் ஐந்தாவது மட்டும்தான். ஒரு நாளாவது நான்காவது பச்சையாகக் கூடாதா? ஆறாவது ஆகக் கூடாதா? என் கண்ணோ விரலோ கோளாறு என்றால் ஐந்தாவதில் மட்டும் அது எப்படிச் சரியாகிறது?

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, முதல் பாத்தியின் சிவப்புப் புள்ளியில் ஆத்திரத்தோடு விரலை வைத்து அழுத்தியபடியே இருந்தேன். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. தட்டினால் திறக்காதது, அழுத்திப் பிடித்தால் திறக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உள்ளே 'எதிர்பார்க்கும் அளவு: 24 முதல் 28' என்று இருந்தது.

முதல் பாத்தியில் இருபத்தி நாலா! அப்போதுதான் கழியிலிருந்து வந்து விழுந்த தண்ணீர் அது. அதில் இருபத்தி நாலு இருந்தால் எங்களுக்கு அளமே வேண்டாம். கடலிலேயே கூடையோடு இறங்கி உப்பு அள்ளலாம். ஒன்பதாவதை அழுத்திப் பிடித்தேன். '2 முதல் 4.' உப்பு விளைந்து வெள்ளையாகக் கிடக்கும் பாத்தி அது. மற்றதையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, சிகரெட் அட்டை ஒன்றில் பென்சிலால் வரிசையாக எழுதினேன். எழுதி முடித்ததும் தெரிந்துவிட்டது. அது எங்கள் பாத்திகளைத் தலைகீழாக எண்ணியிருக்கிறது. எங்கள் ஒன்று அதற்கு ஒன்பது. எங்கள் இரண்டு அதற்கு எட்டு. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நடுவில் நிற்கும் ஐந்து ஐந்துதான்.

குவியல் மேல் ஏறி அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"மேடம், பாத்திய எங்கேர்ந்து எண்ணுனீங்க?"

"சேட்டிலைட் படத்தப் பாத்துதான் அண்ணா. கேட்லேர்ந்து, ரோட்டுப் பக்கம். வெள்ளையா உப்புத் தெரியுற பாத்திதான் ஒன்னு."

"ரோட்டுலேர்ந்தா மேடம் தண்ணி வருது?"

அந்தப் பக்கம் அவர் எதையோ தட்டித் தட்டித் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்குக் காலையில நானே நேர்ல வர்றேன் அண்ணா" என்றார்.

உப்பளத்துக்காரன் தண்ணீர் வருகிற பக்கத்திலிருந்துதான் எண்ணுவான். நாங்கள் யாரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்ததில்லை. சாப்பிடும் கைக்கு வாய் எந்தப் பக்கம் என்று யாராவது சொல்லித் தருகிறார்களா? அதனால்தான் 'வரிசையை உறுதி செய்க' என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. எண்ணுவதற்கு இன்னொரு பக்கம் உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அந்தப் பெண் ஸ்கூட்டியில் வந்தார். மேனேஜரும் பைக்கில் வந்தார். அந்தப் பெண் வரப்பின் மேல் முதல் பாத்தியிலிருந்து கடைசி வரை என்னோடு நடந்து, தண்ணீர் போகும் வழியைப் பார்த்து, மடிக்கணினியில் வரிசையை மாற்றினார். அன்றைய ரீடிங்கைப் போட்டேன். ஒன்பதும் பச்சை. அக்கா தூரத்திலிருந்து, "எல்லாரும் பாஸு!" என்று கத்தினாள்.

மேனேஜருக்கு நிம்மதி. "சரிப்பா, முடிஞ்சுது. பழசு நாப்பத்தெட்டு செவப்பு இருக்குது பாரு, அத மூடிட்டு வேலையப் பாரு. மூணாவது காரணத்த அழுத்து. கை தவறிப்போச்சுன்னு. அது ஒன்னும் பெரிய குத்தம் இல்ல."

"கை தவறல சார்."

"வரிசை சரின்னு அழுத்துனது யாரு? நீதானே? அப்ப உன் தப்புதானே?"

"என் தப்புதான் சார். இல்லன்னு சொல்லல. ஆனா நான் பண்ண தப்பு இந்த மூணுல இல்லியே."

"எதுல இருந்தா என்னாபா? யாரும் அதப் படிக்கப் போறது இல்ல."

"யாரும் படிக்கப் போறது இல்லன்னா, எதுக்கு சார் டெய்லி ஒன்பது தடவ முட்டி போடுறேன்?"

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. நானும் பயந்துகொண்டுதான் நின்றேன், பிள்ளைகளே. அப்பாவுக்குத் தைரியம் ஜாஸ்தி என்று நினைக்காதீர்கள். செய்த தப்புக்குத் தலை குனியலாம். செய்யாத தப்புக்குக் குனிந்தால், நாப்பத்தெட்டு முறை தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்ததெல்லாம் பொய் என்று நானே கையெழுத்துப் போட்டது போல.

அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னார்: "நாலாவதா ஒரு காரணம் சேக்கலாம் சார். உங்க பாஸ்வேர்டு போட்டா ரெண்டு நிமிஷ வேல."

"திங்கக்கெழம பாத்துக்கலாம்மா."

"சனிக்கெழமைதான் கடைசின்னு சொன்னீங்களே சார்" என்றேன் நான்.

மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, எங்களுக்குத் தெரியாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார்.

"என்ன எழுதணும், சொல்லுங்க அண்ணா" என்றார் அந்தப் பெண்.

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 'பாத்தி வரிசை மாறிப் பதிவானது. எடுத்த அளவு சரி. வரிசையைப் பார்க்காமல் உறுதி செய்தது ரீடிங் எடுப்பவர்.'

"கடைசி வரி வேணுமா அண்ணா?"

"வேணும் மேடம். அது நடந்துச்சு."

நாலாவது காரணம் டேப்லெட்டில் வந்துவிட்டது. மொத்தமாகத் தேர்ந்து ஒரே அழுத்தில் மூடிவிடலாம் என்று அந்தப் பெண் வழி காட்டினார். நான் வேண்டாம் என்றேன். கையைக் கழுவினேன். முதல் நாள், முதல் பாத்தி, மூன்று டிகிரி: திறந்து, படித்து, நாலாவதை அழுத்தினேன். முதல் நாள், இரண்டாம் பாத்தி, ஐந்து டிகிரி. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் முட்டி போட்டு எடுத்தது என்று எனக்குத் தெரியும்.

மேனேஜர் பைக்கைக் கிளப்பி வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முடிஞ்சுதாப்பா?"

"இன்னும் முப்பத்தொன்னு இருக்குது சார்."

அவர் வண்டியை அணைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். நான் அடுத்ததைத் திறந்தேன்.