மூடி வைத்த சிலிண்டர்

நான் முதல் செல்போன் வாங்கிய வருஷம்தான் என் மனைவிக்குப் பார்வை முழுவதுமாகப் போனது. கண்ணில் அழுத்த நோய். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததை, கண்ணாடி நம்பர் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

ரெட்டியார்பாளையத்தில் வீடு. உப்பளத்தில் எனக்கு ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் கடை. காலையில் சோறு, குழம்பு எல்லாம் நானே ஆக்கி, பிளாஸ்கில் டீயும் ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்புவேன். மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தால் நாலு மணி வரைக்கும் அவளோடுதான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

வாரத்துக்கு ஒருநாள், மூன்று மணி வாக்கில், ஒரு டீச்சர் வீட்டுக்கே வந்து, பார்வையில்லாமல் வீட்டு வேலை செய்ய அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் பார்வை கிடையாது. லாஸ்பேட்டையிலிருந்து கைத்தடியோடு பஸ் ஏறி வருவார். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு இரண்டு. டம்ளர் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு, சூடு தட்டியதும் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். பாத்திரத்தை வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். என் மனைவிக்கு இருந்தது ஒரே ஆசை. பதினோரு மணிக்கு, ஆளில்லாத வீட்டில், தன் கையால் ஒரு டீ போட்டுக் குடிக்க வேண்டும். பிளாஸ்க் டீயை வாயில் வைக்க முடியவில்லை என்றாள்.

அவள் தனியாக அடுப்பைத் தொடுவதில் எனக்குப் பயம். பழகும்போது அவள் விரலில் ஒருநாள் கொப்புளம் வந்ததைப் பார்த்திருந்தேன். வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டைக்கு வருவாள். அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். கடைக்குக் கிளம்பும்போது சத்தமில்லாமல் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவேன். மதியம் வந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்த் திறந்துவிடுவேன்.

அவள் தினமும் லைட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். முதல் நாளே, சிலிண்டர் திறந்திருந்ததா என்று கேட்டாள். திறந்துதான் இருக்கிறது என்றேன். கூட்டிக்கொண்டு போய்ப் பற்றவைத்தும் காட்டினேன். குமிழைச் சரியாக அழுத்தித் திருப்பியிருக்க மாட்டாய் என்று சொன்னேன். நம்பினாள். மத்தியானங்களில் அதையே திரும்பத் திரும்பப் பழகினாள், அப்போதெல்லாம் எரிந்தது. நான் பக்கத்தில் இருந்தால்தான் எரிகிறது என்று அவள் சிரித்தபோது நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. மூன்றாவது வாரம் அவள் முயற்சியை விட்டுவிட்டாள். பேசாமல் பிளாஸ்க் டீயைக் குடித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, ஆனாலும் மூடுவதை நிறுத்தவில்லை. மூடியதைவிட அந்த நிம்மதிதான் பெரிய பாவம்.

ஒரு வியாழக்கிழமை டீச்சர் வேறு வேலை இருக்கிறதென்று காலையிலேயே வந்துவிட்டார். நான் கடையில் இருந்தேன். இவள், தனக்கு அடுப்பு வேலை வராது, அதை விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் லைட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரையும் கேக்காதம்மா. கையால தொட்டுக்கினே போ" என்றாராம். அடுப்பிலிருந்து ரப்பர் டியூப் வழியாக இறங்கிய அவள் கை ரெகுலேட்டரில் போய் நின்றிருக்கிறது.

மதியம் நான் வந்தபோது மேசைமேல் இரண்டு டம்ளர் டீ இருந்தது. நடந்ததைச் சொன்னாள். பழக்கதோஷத்தில் மூடியிருப்பேன் என்று ஆரம்பித்தேன். அவள் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். பாதியிலேயே அந்தப் பொய்யை நிறுத்திவிட்டேன்.

"ஒரு மாசமா என் கையதாங்க திட்டிக்கினு இருந்தேன்," என்றாள். "கண்ணு மாதிரி அதுவும் போயிடுச்சின்னு நெனச்சேன்."

மன்னித்துவிடு என்றேன். டீ ஆறுகிறது என்றாள். நல்ல டீ.

மறுநாள் காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சிலிண்டரைத் திறந்தே வைத்திருக்கிறேன் என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். சுவரைத் தடவியபடி அவள் சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"தொட்டுப் பாத்துட்டேன், தொறந்துதான் இருக்கு," என்றாள். "நீங்க கெளம்புங்க."