பன்னிரண்டு கிலோ என்றாள்

அன்று மதியம், தாம்பரத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிக்குள் ஒரு பெண் ஓடி வந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்திருந்தாள். கையில், போர்வையில் சுற்றிய ஆண் குழந்தை. கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

“அக்கா, அப்பலேந்து இய்த்துகினே கீது. எப்பிடியாச்சும் காப்பாத்துக்கா!”

டாக்டர் பிஞ்சுக் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே வலிப்பு மருந்தின் பெயரைச் சொன்னார். “கிலோவுக்கு பாயின்ட் ஒன் மில்லிகிராம். வெயிட் என்ன சிஸ்டர்?”

எடை மெஷின் எதிர்ச் சுவரோரம்தான் இருந்தது. துள்ளுகிற குழந்தையை அதில் கிடத்த நேரமில்லை என்று நினைத்துத் தாயைக் கேட்டேன்.

“பன்னெண்டு கிலோக்கா.”

அப்படியென்றால் ஒன்று புள்ளி இரண்டு மில்லிகிராம். கணக்கில் பிசகில்லை, இன்னொரு சிஸ்டரும் சரிபார்த்தாள். ஊசியை மெதுவாக ஏற்றினேன். வலிப்பு நின்றது. தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போர்வையை விலக்கினேன். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. இது பன்னிரண்டு கிலோ உடம்பே இல்லை. அளவு மிஞ்சினால் மூச்சையே அடக்கிவிடும் மருந்து அது. எனக்கு அது உறைத்தபோதே, ஏறி இறங்கிய நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கி நின்றது.

டாக்டர் குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினார். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட ஓடினார். அமுக்கினேன், விட்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடு சாமி, ஒரே ஒரு தடவை விடு என்று வாய்விட்டுக் கெஞ்சினேன்.

“இன்னாக்கா, தூங்குறானா?” என்றாள் தாய்.

பையை அமுக்கிக்கொண்டே இருந்தேன். விரல்கள் மரத்துப்போயின.

கேஸ் ஷீட்டில் எட்டு நிமிடம் என்று இருக்கிறது. அதன் பிறகுதான் ஒரு மெல்லிய மூச்சு வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

மூச்சு சீரானதும் எடை போட்டேன். எட்டு கிலோ.

“பன்னெண்டு பெரியவளோட எடைக்கா,” என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள். “பதட்டத்துல அதான் வாய்ல வந்துச்சு. நானே என் புள்ளைய கொல்லப் பாத்தேனே!”

“நீ இல்லம்மா. எடை போட்டுப் பாக்காம ஊசி போட்டது நான்.”

டாக்டரிடமும் அதையே சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை; மூன்றாம் நாள் குழந்தை எங்களிடமிருந்தே வீட்டுக்குக் கிளம்பியது. போகுமுன், “ஒரு வாட்டி தூக்குக்கா,” என்று தாய் அவனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொள்ள எனக்குக் கை எழவில்லை.