பூச்சைக்கு வைத்த கறி

எங்கள் வீட்டுப் பூனைக்கு எப்போதிருந்து வயிறு சரியில்லை என்று யாராவது கேட்டால், எப்போது சரியாக இருந்தது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஒரு மழைநாளில் எங்கள் விறகுப்புரையில் வந்து ஒதுங்கிய குட்டி அது. வந்து கொஞ்ச நாளிலேயே வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் பழைய கதை. மற்றபடி ஒரு குறையும் கிடையாது. ஓடும், பல்லி பிடிக்கும், என் சேலையில் நகத்தை மாட்டிக்கொண்டு நான் ஏதோ பிழை செய்தது போல முறைக்கும்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த அத்தனை பேருக்கும் சமைத்துப் பழகிய கை. நான் தினமும் பஸ் ஏறி தக்கலைக்கு ஆபீஸ் போகிறவள். ஆகவே அடுப்படி அவருக்கு என்று ஆகிவிட்டது. புதிதாகப் போட்ட வெள்ளை டைல்ஸும் அவர் பொறுப்புதான். பூனை அந்த டைல்ஸில்தான் கழிந்து வைக்கும். சிமெண்டுத் தரையாகக் கிடக்கும் பின்வராந்தா அதற்கு ஆகாது.

துபாயில் இருக்கும் எங்கள் மகள் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வருவது என்று முடிவானதும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பச்சப்பிள்ள கெடக்குத வீட்டுல இது இப்பிடிக் கழிஞ்சு வச்சா செரியாவுமா? மக வாறதுக்கு முன்ன இத கடியப்பட்டணத்துல கொண்டு விட்டுருவேன். கடப்புறத்துல மீனு தின்னு சொகமாட்டுக் கெடக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். நியாயம் இல்லாவிட்டால் சண்டை போட்டாவது ஜெயித்திருப்பேன். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது கேட்டுக்கு வந்து நிற்பது அது ஒன்றுதான். அதைக் கடற்கரையில் விட்டுவிட்டு வரும் மனுஷரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து நான் எப்படிச் சாப்பிடுவேன்? மகள் வருவதற்குள் அதன் வயிற்றைச் சரியாக்குவது என்று முடிவு செய்தேன்.

பாலை நிறுத்தினோம். மோர் கொடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா, பல்லியைத் தின்பதால்தான் என்றாள். கொஞ்ச நாள் பல்லிகளுக்கும் பூனைக்கும் நடுவே நான் விளக்குமாறோடு நின்றேன். சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், "எங்க வீட்டுல ஒரு ஆளுக்கு வயிறு சொகமில்ல, ஜெபிச்சுக்கிடுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். பூனைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் சாயந்திரம் ஏத்தம்பழமும் பிஸ்கட்டுமாக மூன்று பெண்கள் வீட்டுக்காரரைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவர் திடகாத்திரமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "தேவன் நல்லவர்" என்று சொல்லிவிட்டுச் சாயா குடித்துப் போனார்கள்.

கடைசியில் பூனையைக் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா சிவகங்கைப் பக்கத்துப் பெண். எங்கள் மகளை விட வயது குறைவாக இருக்கும்.

"டாக்டரே, பூச்சைக்கு வயித்தால போவுது" என்றார் வீட்டுக்காரர்.

"பூச்சி போகுதா? எத்தனை நாளா?"

"பூச்சியில்ல, பூச்சை."

"பூச்சிதான் சார், மருந்து கொடுத்துரலாம்."

நான் புகுந்து, "பூனை, பூனை" என்று கூடையைத் திறந்து காட்டினேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பூனையே பயந்துவிட்டது. அதன் பிறகு ஒருவர் பேசுவதை ஒருவர் கவனமாகக் கேட்டுக்கொண்டோம். எங்கள் ஊர்ப் பேச்சை அவள் விளங்கிக்கொண்டாள், அவள் ஊர்ப் பேச்சை நாங்கள் விளங்கிக்கொண்டோம் என்றுதான் நம்பினோம்.

பூச்சி மருந்தும் கொடுத்தாள். மலத்தைச் சோதித்தாள், ஒன்றும் இல்லை. கடைசியாக, "மீன் கொஞ்ச நாளைக்கு வேண்டவே வேண்டாம். கறியும் சோறும் மட்டும் குடுங்க. உப்பு, உறைப்பு சேர்க்காதீங்க" என்றாள்.

வீட்டுக்காரர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எனக்கு ஆச்சரியம். கடற்கரையில் விடுவேன் என்ற மனுஷர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பூனைக்குக் கறி வைத்தார். தேங்காயும் சீரகமும் மஞ்சளும் நாலு உள்ளியும், அதுதான் சின்ன வெங்காயம், வைத்து மையாக அரைத்து, தேங்காய் எண்ணெயில் லேசாகத் தாளித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி இறக்குவார். மிளகாய் இல்லை, உப்பு இல்லை, மீன் இல்லை. ஆறவைத்துச் சோற்றில் பிசைந்து, விரலில் தொட்டுச் சூடு பார்த்துத்தான் தட்டை வைப்பார். எனக்கு அவர் இப்படி ஒருநாளும் சூடு பார்த்து வைத்ததில்லை. பூனை தட்டை நக்கி நக்கிப் பளபளப்பாக்கிவிடும். வயிறு மட்டும் நிற்கவில்லை. முன்பைவிட மோசம்.

மகளுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்று செய்தி வந்தது. பூனை இளைத்துக்கொண்டே வந்தது. கடைசியாக ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம் என்று அவர்தான் கூடையை எடுத்தார்.

டாக்டரம்மா முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "கறி மட்டும்தானே குடுக்குறீங்க சார்?"

"கறி மட்டும்தான். டெய்லி பிரெஷ்ஷாட்டு வைக்கேன்."

"கொழுப்பை எடுத்துட்டுத்தானே வாங்குறீங்க?"

"வாங்கவா? கறிய எதுக்கு வாங்கணும்? நான்தான் வைக்கது. தேங்கா எனக்க விளையில உள்ளது. உள்ளி மட்டும்தான் கருங்கல் சந்தையில வாங்குவேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "தேங்காயா? சார், நீங்க எதைக் கறின்னு சொல்றீங்க?"

அவர் ஒன்று விடாமல் சொன்னார். சீரகம் எந்த அளவு என்பது வரை சொன்னார்.

"ஐயோ சார்! கறின்னா கறி! கோழிக்கறி, ஆட்டுக்கறி!"

"அது எறச்சியில்லா!" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்களுக்குச் சோற்றில் ஊற்றிப் பிசைகிற எதுவும் கறிதான். மாமிசம் என்றால் இறைச்சி. பூச்சை என்ற சொல் அவளுக்குத் தெரியாததால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கறி இரண்டு தரப்புக்குமே தெரிந்த சொல், அதனால் யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. பூனையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். தேங்காயும் எண்ணெயும் அதன் வயிற்றுக்கு ஆகாது, அதையாவது சமாளிக்கலாம், உள்ளி பூனைக்கு விஷம், ரத்தத்தையே கெடுத்துவிடும் என்றாள். முன்பு நாங்கள் மீன்கறிச் சோறு போட்ட நாளிலிருந்தே இதுதான் நடந்திருக்க வேண்டும், அதிலும் தேங்காயும் உள்ளியும்தானே. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நல்லவேளை, தப்பித்துவிட்டது என்றாள். வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி, வேறு ஒன்றும் கூடாது.

அப்போதுதான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் நல்லதுன்னுல்லா வச்சேன்" என்றார், டாக்டரிடம் இல்லை, கூடையிடம். என் சிரிப்பு போய்விட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்ததே குறைவு, பாதி நாள் அவர் கண்ணே கடலுக்கு அப்புறம்தானே இருந்தது.

வெந்த கோழியைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு அவரைப் பார்த்தது. தட்டைச் சுற்றி வந்து மறுபடி பார்த்தது. "நோக்காத மக்கா, தின்னு" என்று பக்கத்தில் குத்தவைத்துக் கெஞ்சினார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தின்றது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வாழைமூட்டிலிருந்து அவர் சத்தம் கேட்டது. "ஏட்டி! ஓடி வா!" பாம்பு என்று நினைத்து பிரஷ்ஷும் வாயுமாக ஓடினேன். அவர் மண்ணைக் காட்டிக்கொண்டு நின்றார். பூனை மூடாமல் விட்டுப் போயிருந்தது. நல்ல கெட்டியாக, உருண்டு திரண்டு, ஒரு குறை சொல்ல முடியாதபடி இருந்தது.

"பாத்தியா?" என்றார். பார்த்தேன். தலை நரைத்த இரண்டு பேர் குனிந்து நின்று ஒரு பூனையின் மலத்தைக் கண்குளிரப் பார்த்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மகளின் வீடியோ கால். அவர் முகமன் கூடச் சொல்லாமல் போனை மண்ணுக்குத் திருப்பினார்.

"அய்யே, அப்பா! நான் தின்னுட்டு இருக்கேன்!" என்று அவள் கத்தினாள். பிறகு, "அப்ப பூச்சையக் கடப்புறத்துல கொண்டு விடலியா?" என்று கேட்டாள்.

"கடப்புறத்துலயா? இத விடணும்னு ஆரு சொன்னது?" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

என் வாய் நிறையப் பேஸ்ட் நுரை. பிழைத்துப் போனார்.