ஏறி இறங்கிய சத்தம்

டீசல் புகையோடு விளக்கெண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தால் இன்றும் நான் நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டோல்கேட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் நாங்கள் நான்கே பேர்தான்: லாரியை ஓட்டுபவரும் அதன் சொந்தக்காரருமான அப்பா, வயதான மெக்கானிக் பாய், சோறு கொண்டுவந்த அம்மா, ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான்.

கியர் போடாமல் சும்மா நிற்கும்போது எஞ்சின் ஒரே சீராக ஓட வேண்டும். எங்கள் லாரியோ தானாக உறுமி ஏறி, அணைந்துவிடும்போல இறங்கி, மறுபடி ஏறியது. இதை டிரைவர்கள் 'மூச்சு வாங்குது' என்பார்கள். அப்பா ஃபில்டரை மாற்றினார், டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார், குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவி எங்காவது கசிகிறதா என்று பார்த்தார், ஒன்றுக்கும் அடங்கவில்லை. பாய்க்கு எஞ்சின்களின் பக்கத்திலேயே நின்று நின்று காது பாதி போய்விட்டது. உள்ளங்கையை வைத்துத்தான் கோளாறு கண்டுபிடிப்பார். டீசல் பம்ப்பின் பின்பக்கம் கையை வைத்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"இன்னா பாய், வண்டிக்கு நாடி புடிச்சிகினு கீற?" என்றார் அப்பா.

"தோலு பூட்ச்சு நைனா. தெறந்து பாக்கலாம்."

வட்ட மூடியைக் கழற்றியதும் உள்ளே அப்பளம் அளவில் ஒரு தோல். எஞ்சின் தறிகெட்டு ஓடாமல் பிடித்துவைப்பது அதுதானாம். காய்ந்து, ஓரத்தில் மயிரிழை போல வெடித்திருந்தது. புதுத் தோல் பாரிமுனையில்தான் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆனால் லாரியில் ஏற்றியிருந்த கன்டெய்னர் அன்று சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போனதால், இனி ஒரு தடவை என்றால் எங்கள் வண்டிக்கு லோடே கிடையாது என்று டிரான்ஸ்போர்ட்காரர் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு ஒரு நாளு போவாட்டி குடியா முழுவிடும்?" என்றாள் அம்மா.

"முழுவிடும்மே. நீ போடுற சோறு இதுலதான் வருது."

அப்பா தோலில் விளக்கெண்ணெயைத் தடவி மறுபடி மாட்டினார். பிறகு எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திருகை இரண்டு சுற்று முறுக்கினார். துறைமுக வரிசையில் நிற்கும் டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் மூச்சு வாங்குவது அடங்கியதுபோல் இருக்கும். பாய் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கீது, எட்த்துகினு போவாத" என்றார்.

"காதே கேக்காத ஆளு நீ, சத்தத்தப் பத்திப் பேசுற. எம்பொண்ணு சொல்லட்டும். இன்னா கண்ணு, நின்னுடுச்சா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். ராத்திரி கதவு பூட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பேன். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இருபது எண்ணுவதற்குள் ஒரு தடவை, மெல்ல, ஏறி இறங்கியது. இருக்கிறது என்று சொன்னால் அப்பா கத்துவார், லோடு போய்விடும், அம்மா அழுவாள் என்று அந்த ஒரு நிமிஷத்துக்குள் என்னென்னவோ மனதில் ஓடிவிட்டது.

"நின்னுடுச்சுப்பா" என்றேன்.

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நடந்ததைத் துறைமுக வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற டிரைவர் வந்து சொன்னார். எண்ணூர் சாலையில், எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்த வரிசையில், யாரும் மிதிக்காமலே எஞ்சின் அலற ஆரம்பித்திருக்கிறது. அப்பா எஞ்சினை நிறுத்தும் ஒயரை இழுத்திருக்கிறார். அது அறுந்து கையோடு வந்துவிட்டது. மற்றவர்கள் விலகி ஓட, இவர் மட்டும் பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்குள் காற்று போகும் வாயைக் கோணிச்சாக்கால் அடைத்து நிறுத்தப் போயிருக்கிறார். சாக்கை ஃபேன் இழுத்துக்கொண்டது. சாக்கோடு வலது கையின் மூன்று விரல்களும் போயின. எஞ்சின் வெடித்த பிறகுதான் நின்றதாம்.

லாரி பழைய இரும்பாகப் போனது. அப்பா ஒரு கிடங்கில் வாட்ச்மேன் ஆனார். நான் ஏழாவதோடு நின்று, காசிமேட்டில் இறால் உரிக்கப் போனேன்.

இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கி மதில் எழுப்பிவிட்டார்கள். பாயும் இல்லை, அம்மாவும் இல்லை. புது லாரிகளில் எல்லாம் கம்ப்யூட்டர்தான். டிரைவர் முறுக்க அதில் திருகு ஏதும் கிடையாது, அந்தத் தோலைக் கேட்டால் கடைக்காரர்களுக்கே தெரியவில்லை. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். கையைப் பார்த்து யார் கேட்டாலும், கடைசிவரை அவர் ஒரே மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்பொண்ணு அன்னிக்கே வேணாம்ப்பான்னு சொல்லுச்சு. நான்தான் கேக்கல." நான் பக்கத்திலேயே இருப்பேன். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.