சட்டைக்குள் சுற்றிய ஃபிலிம்

வல்லம் வடகாலில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். சர்க்கரை வந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு வருடத்தில் முப்பது கிலோ குறைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கோ, குளிக்கும்போது தொங்கும் வயிற்றுத் தோலைப் பார்த்தால் அழுகை வரும். குண்டாக இருந்தபோதுகூட நான் கண்ணாடிக்குப் பயந்ததில்லை.

அடுக்கிய பெட்டிகள் சரியாமலிருக்க நாங்கள் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒருநாள் கண்ணில் பட்டது. அத்தனை பெட்டிகளை இறுக்கிப் பிடிப்பது என் தோலை இறுக்காதா என்று தோன்றியது. மீந்த ரோலைக் கேட்டு வாங்கிப்போய், தினமும் வயிற்றில் சுற்றி, மேலே யூனிஃபார்ம் போட்டு ஷிப்டுக்குப் போனேன். ஐந்தாம் நாள் லைனிலேயே மயங்கி விழுந்தேன்.

முதலுதவி அறையில் நர்ஸ் கத்தரிக்கோலால் ஃபிலிமை வெட்டி எடுத்தார். வேர்வையில் ஊறிய தோல் புண்ணாகியிருந்தது.

"இன்னாக்கா இது? உன்ன இன்னா எக்ஸ்போர்ட்டா பண்ணப் போறாங்க?" என்று, என்னைத் தாங்கி அழைத்துவந்த, கூட வேலை பார்க்கும் மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தோல் தானா எவ்ளோ சுருங்குமோ அவ்ளோதாம்மா. இறுக்கிக் கட்டினா புண்ணுதான் வரும்," என்றார் நர்ஸ்.

புண் ஆற ஒரு மாதமானது. அதன்பிறகு ஒருநாள் கேன்டீனில் மல்லிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள். "யக்கா, அந்த ஃபிலிம எத்தினி சுத்து சுத்தின? கொஞ்சமாச்சும் இறுகிச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பெண்கள் உடைமாற்றும் அறைக்கு அவளை அழைத்துப்போய், அதுவரை யாருக்கும் காட்டாத வயிற்றைத் தழும்போடு காட்டினேன். வெகுநேரம் பார்த்தவள், "எனக்கும் இப்டித்தான் தொங்குதுக்கா," என்றாள்.

இப்போது குளித்ததும் மடிப்புகளை ஈரமில்லாமல் துடைக்கிறேன். இளைத்த பெண் யாராவது தயங்கித் தயங்கி என் பக்கம் வந்தால், அவள் கேட்கும் முன்பே அந்த அறைக்கு அழைத்துப்போய்விடுகிறேன்.