தூரம் கூடக் கூட நீளும் கிழமை

திங்கட்கிழமை, காலை 5.40. அன்புவழிபுரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். போய்வருகிறேன் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் பூட்டினேன். அக்கா இறந்து ஆறு மாதம். இருவருமே கலியாணம் கட்டாதவர்கள். நாற்பது வருடம் ஒரே குசினியில் சண்டை பிடித்து, ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தவர்கள். இப்போது அந்த வீட்டில் நானும் ஒரு பழைய வானொலியும்தான்.

எண்ணெய் வரிசைக் காலம் அது. பெற்றோல் இல்லாததால் பள்ளிக்கூடங்களைச் செவ்வாய், புதன், வியாழன் மட்டும் நடத்தச் சொல்லியிருந்தார்கள். மற்ற ஆசிரியர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நான் மட்டும் வெள்ளி தொடங்கித் திங்கள் வரை நாலு நாளை எப்படித் தள்ளுவது என்று யோசித்தேன். ஒரு வியாழன் மாலை அடைத்த வாயைச் செவ்வாய் காலை பஸ் கண்டக்டரிடம்தான் திறந்தேன். குரல் கம்மி, அவர் இரண்டாம் தடவை கேட்க வேண்டியதாயிற்று.

நான் கணிதம் படிப்பிப்பது சம்பூர்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். ஆசிரியர் வந்துபோக வசதியிருந்தால் ஐந்து நாளும் நடத்தலாம், பள்ளிக்கூட அதிபரே தீர்மானிக்கலாம் என்று கல்வி வலயத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதைப் பேசத்தான் திங்களன்று கூட்டம். ஐந்து நாள் ஆகவேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு எதுவும் அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

காலை 6.05. திருமலைப் பட்டணத்துப் பஸ் நிலையத்தில் மான் இரண்டு வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு நின்றன. வெளியூர்க்காரர் படம் எடுப்பார்கள், நாங்கள் விலத்தி நடப்போம். மூதூர் பஸ்ஸில் ஏறி, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தேன். அந்த நாட்களில் பஸ்ஸில் இருக்கை பிடித்து வைப்பது அடி வாங்கக்கூடிய குற்றம். ஆனால் கண்டக்டர் என் பக்கம். "அது கிண்ணியா டீச்சரின்ர இடம்" என்று சொல்லி ஆட்களைப் பின்னால் அனுப்பிவிடுவார். டிக்கற் நூற்றெண்பது ரூபா. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் பூட்டுத் தொங்கியது. அவர்களுக்கு மூன்று நாள்தான்.

சீனக்குடாவில் பற்றைக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் மண்ணெண்ணெய்க் கலனோடு சனம் வரிசையாக நின்றது. பஸ்ஸுக்குள் ஒருவர் சிரித்தார், இரண்டு பேர் தூஷணம் சொன்னார்கள்.

6.50. பட்டணத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், கிண்ணியாப் பாலம். பாலம் தாண்டியதும் பரீனா ஏறினாள். எங்கள் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பு ஆசிரியை, வயது இருபத்தெட்டு. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்ததும் தொடங்குவாள். மாமி, மீன் விலை, பதினொரு மாத மகன் எதைக் கடித்தான் என்பது எல்லாம் மூதூர் வரை ஓடும். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு முஸ்லிம் பாடசாலை வாசலில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். திங்களிலும் பள்ளிக்கூடம்.

"எங்கட ஊர்ல நாலரை நாள் டீச்சர்" என்றாள் பரீனா. "வெள்ளிக்கிழமை ஜும்ஆ, பதினொண்டரைக்கு விட்டுருவாங்க. படிப்பிக்கிற சேர்மார் எல்லாம் ஊர்க்காரர், சைக்கிள்லயே வந்துருவாங்க."

பட்டணத்தில் மூன்று, கிண்ணியாவில் நாலரை. பெற்றோல் செட்டிலிருந்து தள்ளிப் போகப் போகக் கிழமை நீள்கிறது என்று எனக்குள் கணக்குப் போட்டுச் சிரித்தேன். பரீனா சிரிக்கவில்லை.

"இண்டைக்கு மூண்டு நாள் எண்டு முடிவாகோணும் டீச்சர். நேத்து வீட்ட போய்ச் சேரக்குள்ள புள்ள அழுது அழுது தூங்கிட்டான். நான் வந்தது தெரியாது அவனுக்கு."

நேற்று ஞாயிறு, மூதூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்தாள். நான் கேட்கப்போவது ஐந்து நாள் என்பதை அவளிடம் மறைத்துவிட்டேன். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

7.45. மூதூரிலிருந்து சம்பூர்ப் பக்கம் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். ஆட்டோவுக்கு ஆயிரத்திருநூறு, இருவருக்கும் பாதிப் பாதி. கட்டைபறிச்சான் பாலத்தடியில் இறால் பிடிப்பவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். பெற்றோல் என்ன விலை விற்றால் அவர்களுக்கென்ன என்றேன். ஆட்டோக்காரர், படகுக்கு எண்ணெய் இல்லாமல்தான் அவர்கள் கரையில் நிற்கிறார்கள் என்று திருத்தினார்.

9.00. கூட்டம். நாங்கள் ஆறு ஆசிரியர்கள், அதிபர், பெற்றோர் சார்பில் ஒரு தாய். அந்தத் தாய் கதிரையின் நுனியில் இருந்தபடி, "மூண்டு நாள் படிக்கிறதை நாலு நாளில மறந்துபோய் வருகுதுகள் சேர்" என்றார். அதிபர் தலையாட்டினார். எங்கள் அதிபருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் முடிவெடுக்க முன்னர் தூரத்திலிருந்து வருபவரைத்தான் முதலில் கேட்பார். அது அவருடைய மரியாதை.

"கணித டீச்சர், நீங்கள்தான் ஆகத் தூரம். ஐஞ்சு நாளும் வரலாமோ? ஏலாது எண்டால் தயங்காமல் சொல்லுங்கோ."

"எனக்குப் பிரச்சினையில்லை சேர். பின்னம் தொடங்கி நாலு கிழமை, இன்னும் பாதிப் பிள்ளைகளுக்குப் பிடிபடேல்லை. ஐஞ்சு நாள் வேணும்."

அதிபர் மற்றவர்களைப் பார்த்தார். அன்புவழிபுரத்திலிருந்து வருபவளே வருகிறேன் என்ற பிறகு, கிண்ணியாக்காரியும் மூதூர்க்காரரும் எந்த வாயால் ஏலாது என்பார்கள்? பரீனா தன் பதிவேட்டின் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

பிற்பகல் 1.10. பதிவேட்டு வேலைகளை முடித்துக்கொண்டு திரும்பும் பஸ். பக்கத்தில் பரீனா, ஆனால் கதையில்லை. மூன்று பாலங்கள் போயின. கிண்ணியா நெருங்கும்போது கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க டீச்சர். புள்ளைகளுக்காகவா சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். பின்னக் கணக்குக் கையிலேயே இருந்தது.

"இல்லை பரீனா. என்னால அந்த வீட்டில தனிய இருக்க ஏலாது."

அவள் இறங்குவதற்காகப் பையைத் தோளில் மாட்டினாள். "உங்களுக்கு வீட்டில ஆளில்லாமக் கஷ்டம். எனக்கு ஆள் இருந்து கஷ்டம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. இறங்கிப் போனாள், வழக்கமாக ஜன்னலைப் பார்த்துக் கை காட்டுவதை அன்று மறந்துவிட்டாள்.

செவ்வாய் காலை முதல் வேலையாக அதிபரின் அறைக்குப் போனேன். திங்களும் வெள்ளியும் என் வகுப்போடு நாலாம் வகுப்பையும் நானே பார்க்கிறேன், பரீனா நடுவில் மூன்று நாள் வந்தால் போதும் என்றேன்.

"இரண்டு வகுப்பையும் தனிய சமாளிப்பியளோ?"

"அதுக்கென்ன சேர், வெட்டி முறிக்க வீட்டில ஒண்டுமில்லை."

அவர் நேரசூசியில் சிவப்புப் பேனாவால் மாற்றி எழுதினார். பரீனாவிடம் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் பஸ்ஸில் பழைய கதை எல்லாம் திரும்பி வந்தது. மகனுக்கு இரண்டாவது பல் முளைத்துவிட்டதாம்.

வெள்ளிக்கிழமை, காலை 6.05. அதே பஸ். பழக்கதோஷம், பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டேன். கண்டக்டரும் வழக்கம்போல் இரண்டு பேரைப் பின்னால் அனுப்பினார். பாலம் தாண்டியது, பஸ் நின்றது, யாரோ ஏறினார்கள். பாய்க்கட்டோடு ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்து, "ஆள் வருதா?" என்று கேட்டார். இல்லை என்று பையை எடுத்தேன். அவர் உட்கார்ந்ததும் உறங்கிப்போனார். மூதூர் வரை நான் ஒரு சொல் பேசவில்லை.

பள்ளிக்கூடம் நன்றாகவே போனது, குறை சொல்ல முடியாது. இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் தொண்டையை வறளப்பண்ணினார்கள். அரைவாசியை ஒரு பிள்ளை தோடம்பழச் சுளையை வைத்து எனக்கே விளங்கப்படுத்தியது. ஆனால் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தைத்தான் நான் கணக்கில் எடுத்திருந்தேன். பஸ்ஸில் அவளோடு போகும் நேரத்தை எடுக்க மறந்துபோனேன். கணித ஆசிரியைக்கு அது பெரிய பிழை.

பிற்பகல் 2.20. திரும்பும் வழி. கண்டக்டர் டிக்கற் கிழிக்க வந்தார். "கிண்ணியா ஒண்டு, திருமலை ஒண்டோ டீச்சர்?"

"திருமலை மட்டும்."

"மற்ற டீச்சருக்கு என்ன, சுகமில்லையோ?"

"சுகமாய்த்தான் இருக்கிறா. அவவுக்குக் கிழமையில மூண்டு நாள். எனக்கு ஐஞ்சு."

"ஒரே பள்ளிக்கூடத்திலயோ? பாவம் நீங்கள்."

"பாவமில்லை தம்பி. நான் கேட்டு வாங்கினது" என்றேன். அவர் மிச்சக் காசைத் தந்துவிட்டு முன்னால் போனார். அடுத்தநாள் சனி, அதற்கடுத்தது ஞாயிறு. கிண்ணியாப் பாலத்தில் கடல் காற்று அடித்தது. பக்கத்து இருக்கையில் பையைத் திரும்ப வைத்தேன். அந்த நேரத்தில் பஸ்ஸில் கூட்டமில்லை, அதை எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.