ஊத்தற கை

தலையணை உறையில் சந்தனக் கறை பிடித்தால் லேசில் போகாது. மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் தலைச் சந்தனத்தோடு அப்படியே லாட்ஜில் படுத்துவிடுவார்கள். மறுநாள் அதெல்லாம் என் கைக்கு வரும். திருப்பதியில் ஒரு லாட்ஜில் சலவை வேலை எனக்கு. துவைத்த விரிப்புகளை மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு நடுவில் நின்றால் நாலு பக்கமும் வெள்ளை. காற்றடித்தால் ஒரு துண்டு மலை தெரியும், உடனே மறையும். அந்த வெள்ளைக்குள் நிற்கும்போது எனக்குக் குரல்கள் கேட்கும்.

பேய் பிசாசு இல்லை. எங்கள் காலனிப் பெண்களின் ஒப்பாரி.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. முன்னொரு காலத்தில் ஊர்க் கிணற்றில் எங்கள் ஆட்கள் கயிறு போடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊர்க்காரர் யாராவது மனசு வைத்து இறைத்து, எங்கள் குடம் தங்கள் தோண்டியில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி மண்ணுக்குப் போகும். ஒரு பஞ்சத்தில் எங்கள் பெண்கள் தாங்களே கயிறு போட்டுவிட்டார்கள். அன்றைக்கே அடி விழுந்தது, கூரைகள் எரிந்தன. எல்லாரும் பாறைக்குன்றுக்கு ஓடினார்கள். தண்ணியில்லாமல் அங்கேயே செத்தவர்கள் உண்டு. எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்கும் எங்கள் காலனியில் யார் செத்தாலும், முதலில் ஒரு சொம்புத் தண்ணியை மண்ணில் விட்டு, தாகத்தோடு போன அந்த ஜனங்களுக்கு அழுதுவிட்டுத்தான் வீட்டுச் சாவுக்கு அழுவார்கள்.

"ஊத்தற அண்ணே, ஒசரத்துல ஊத்தாதே,
கீழ வந்து ஊத்தண்ணே, கொடம் நெறையட்டும்."

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்குமேல் கேட்டதில்லை. அந்த இடத்தில் வாசலில் பறை ஆரம்பித்துவிடும். ஆம்பளைகள் நாங்கள் பாடை கட்டப் போய்விடுவோம்.

நான் ஏழாவதோடு நின்றவன். பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். திருப்பதியில் வாடகைக்கு வந்தபோது வீட்டுக்காரம்மா, "நகரியா? அப்ப நெசவுக்காரங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் தலையாட்டல் என் நெஞ்சுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

கீழே வரிசையாக ஒற்றை ரூம் வீடுகள். முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். வீட்டுக்காரம்மா மாடியில். போன மழைக்காலத்தில் கடைசி ரூமுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவன் கட்டட வேலை. அவள் இடுப்பில் எப்போதும் கைக்குழந்தை. வந்த மறுநாளே வீட்டுக்காரம்மா தெலுங்கும் தமிழும் கலந்த தன் பேச்சில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏமய்யா, நூவு பொழுதோட எழுந்திருக்கிற ஆளு. உன் பக்கெட்ல புடிச்சு அவங்க கொடத்துல ஊத்திரு. குழாய்ல அவங்க கை வெக்க வேணாம். ஏ குலமோ ஏமோ, இன்னா துன்றாங்களோ."

"சரிம்மா," என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

ரூமுக்குள் வந்ததும் என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "இன்னாத்துக்கு சரின்னே?"

"வேற இன்னா சொல்றது? நாம யாருன்னு கேட்டா?"

"கேக்கட்டுமே. திருடிக்கினா வந்தோம்?"

தினமும் விடியற்காலையில் குழாயடிக்குப் போவேன். மலை இன்னும் பனிக்குள் இருக்கும். அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் கோடு போடவில்லை, ஆனாலும் சரியாக அங்கே நிற்பாள். நான் குனிந்து, பக்கெட்டைக் குடத்தின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், சொட்டு சிந்தாமல் ஊற்றுவேன். உயரத்திலிருந்து ஊற்றவில்லையே! ஒப்பாரியில் கேட்டுக்கொண்டதை நாம் செய்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. விரிப்புகளுக்கு நடுவே நின்றபோது அந்த ஒப்பாரிப் பெண்கள் என்னைப் பார்த்துத் தலையசைக்கிற மாதிரிகூட இருந்தது.

"பெரிய தர்மப்பிரபு," என்றாள் என் வீட்டுக்காரி.

இப்படி இருக்கும்போது ஊரில் எங்கள் சின்னம்மா தவறிவிட்டார். புத்தூர் தாண்டி பஸ் போகப் போக மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பறை அடிக்கிறவர்கள் வேறொரு சாவுக்குப் போயிருந்தார்கள், வரத் தாமதம். மண்ணில் தண்ணி விட்டார்கள். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்த இடம் வந்தது. அது முடிந்ததும் பறை வரவில்லை. பாட்டு நிற்காமல் போனது.

"கீழ வந்து ஊத்தினாலும் கை ஒன்னுதானே அண்ணே,
கயித்த எங்கிட்ட குடு, நானே எறைச்சுக்கறேன்."

கூரையிலிருந்து மழை நூல் நூலாக இறங்கியது. பெண்களின் முகம் ஒன்றும் தெரியவில்லை, குரல் மட்டும்தான். குன்றின்மேல் உட்கார்ந்து அழுதவர்களும் இவர்களும் ஒரே வாயாகிவிட்ட மாதிரி. இத்தனை நாளும் பாட்டில் பாதியைக் கேட்டு அதிலேயே சுகமாகப் படுத்துக் கிடந்திருக்கிறேன். அவர்கள் நல்லவனாக ஊற்றச் சொல்லவே இல்லை. கயிற்றைக் கேட்டிருக்கிறார்கள்.

ராத்திரியே திருப்பதி திரும்பி, மறுநாள் காலை குழாயடிக்குப் போனேன். ரூம் போய்விட்டால் எங்கே போவது, லாட்ஜ் வரைக்கும் பேச்சு போனால் என்ன ஆகும், எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன். நினைக்க வேறொன்றும் மிச்சமில்லை. பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மீரே பட்டுகோண்டி," நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்று குழாயைக் காட்டி நகர்ந்து நின்றேன்.

அவள் மாடியைப் பார்த்தாள். "வத்து, பைய்யா," என்றாள். வேண்டாமாம். அவளுக்கு என்னைவிடப் பயம்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். குழந்தை மட்டும் குழாயைப் பார்த்துக் கையை நீட்டியது. கடைசியில் அவள் வந்து குழாயைத் திறந்தாள்.

"ஏமய்யா!" மேலேயிருந்து சத்தம். "யாரு அவள கை வெக்கச் சொன்னது?"

"நான்தாம்மா." ஆட்டுக்குட்டி மாதிரி குரல் வந்தது. "எங்க ஊர்ல எங்களுக்கும் இப்டித்தாம்மா ஊத்தினாங்க. நாங்க காலனி ஆளுங்க."

வீட்டுக்காரம்மா கைப்பிடிச் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்.

"நெசவுக்காரங்கன்னு சொன்னியே?"

"நீங்க கேட்டீங்க. நான் தலையாட்டினேன்."

"அவுரு எல்லாத்துக்கும் அப்டித்தாம்மா தலையாட்டுவாரு," என்றாள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரி. "பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்டித்தான். புடிச்சிருக்கா இல்லையான்னு எங்க நைனாவுக்குப் புரியவே இல்ல."

வீட்டுக்காரம்மா மோட்டாரை நிறுத்திவிட்டார். எந்த ரூமுக்கும் தண்ணி இல்லை. பக்கத்து ரூம்காரர்கள் முதலில் என்மேல் பாய்ந்தார்கள். "உனக்கு எதுக்கய்யா இந்த வேல?" மத்தியானம் ஆனதும் மாடியைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். நியாயத்துக்காக இல்லை, குளிக்கத் தண்ணி வேண்டும். சாயங்காலம் மோட்டார் ஓடியது. அந்தப் பெண் தன் குடத்தோடு வந்து வரிசையில் நின்றாள். முறை வந்ததும் பிடித்துக்கொண்டு போனாள். அதற்கப்புறமும் அப்படியே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது எங்களுக்குத்தான். "மாசக் கடைசியில காலி பண்ணிரு. மருமகன் வர்றாரு." எனக்குத் தெரிந்து அந்தம்மாவுக்கு மகளே இல்லை.

ஒடிசாக்காரர்கள் இருந்தார்கள், நாங்கள் கிளம்பினோம். சித்தூர் ரோட்டுப் பக்கம் தெருத்தெருவாக வீடு தேடினோம். இந்தத் தடவை கேட்கும்முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. "நாங்க நகரி பக்கம், காலனி ஆளுங்க. ரூம் இருக்குதுங்களா?" சில இடத்தில் அப்போதுதான் ரூம் நிறைந்துபோனது. ஒவ்வொரு வாசலிலும் சொல்லி முடித்ததும் ஒரு நிமிஷம் உடம்பில் எடையே இருக்காது. வெயிலில் மிதந்துகொண்டு போகிற மாதிரி அடுத்த கேட்டுக்குப் போவோம்.

பொழுது சாயும்போது ஒரு வீட்டில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் சரிப்பா. பத்து மணிக்கு கேட்டு பூட்டிருவேன். சம்மதமா?"

எனக்கு உடனே கவலை. லாட்ஜில் வேலை நீண்டுபோனால்? கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்ன செய்வது? தலை அதுவாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது.

"ஆட்டாத," என்றாள் என் வீட்டுக்காரி. "வாயத் தொறந்து சொல்லு."

"சம்மதம்மா," என்றேன்.